பழைய ட்ரம் செட்டுக்குப் புதிய தோல்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

புளியந்தீவிலிருந்து:

பழைய ட்ரம் செட்டைத் திருத்த எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பனித் தோல் நல்லது?" என்றுதான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ட்ரம்மின் மர உடல் உண்மையில் எத்தனை மில்லிமீற்றர்? அதை அளக்காமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பறங்கியர் வீடொன்றில் இருந்த, பிரீமியர் என்ற பிரிட்டிஷ் கம்பனியின் செட்டைப் பற்றிச் சொல்கிறேன். மிதித்து அடிக்கும் பேஸ் 20 அங்குலம், காலில் நிற்கும் பெரிய டொம் 16, சின்ன டொம் 12, கீழே கம்பிச் சுருள் பூட்டிய ஸ்நேர் 14. 1960களின் தொடக்கத்தில் வாங்கி, கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கும் பைலாவுக்கும் வாசித்த செட். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்தபோதும் இது தப்பிவிட்டது என்று வீட்டுக்கார ஐயா சொன்னார். பேஸ் ட்ரம்மின் உட்புறத்தில் தண்ணீர் ஏறிய கோடு இன்றும் தெரிகிறது.

ஐயாவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் நான்குக்கும் தோல் வாங்கி வந்திருந்தார். "12 என்றால் எல்லாம் 12தான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேஸுக்கும் ஸ்நேருக்கும் சிக்கல் இல்லை. டொம் இரண்டிலும் தோல் இறங்க மறுத்தது. தோலைச் சுற்றியுள்ள அலுமினிய வளையம் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் மேலே நின்றது. இதற்குக் காரணம் உண்டு. 1960களின் பிற்பகுதி வரை பிரிட்டனில் செய்த ட்ரம்கள் பல, அமெரிக்க அளவைவிடச் சற்றுப் பெரியவை. இன்று கடையில் கிடைக்கும் தோல்கள் பின்னால் வந்த பொது அளவுக்கானவை. திருகாணியை முறுக்கி முறுக்கி அதை இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வளையம் கோணிவிடும், தோல் மரத்தில் நசுங்கி நிற்கும், சத்தம் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். மர உடலைச் சுற்றி ஒட்டியிருக்கும் மினுமினுப்புத் தாளை உரசி எடுத்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அவரை ட்ரம்முக்குக் கிட்டவே விடாதீர்கள். அறுபது வருடம் தாங்கிய பொருளை ஒரு தோலுக்காக உரசுவது பெரும் பாவம்.

அளக்கும் முறை இதுதான். தையற்கடை நாடாவை ட்ரம்மின் வாய்க்குச் சற்றுக் கீழே இழுத்துச் சுற்றி, வரும் சுற்றளவை 3.14ஆல் வகுங்கள். விட்டத்தைக் குறுக்கே அளப்பதைவிட இது திருத்தமாக இருக்கும், ஏனெனில் பழைய ட்ரம் முழு வட்டமாக இருப்பது அரிது. 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 957. இன்றைய ட்ரம்கள் அதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், அப்போதுதான் தோல் தாராளமாக இறங்கும். 957ஐத் தாண்டினால் சாதாரணத் தோல் பொருந்தாது. சற்றே பெரிய பழைய உடல்களுக்கென்று ரெமோ 'கிளாசிக் ஃபிட்' வகையையும், அக்குவேரியன் 'அமெரிக்கன் வின்டேஜ்' வகையையும் விற்கின்றன. ஐயாவின் டொம்கள் அவற்றுக்கும் பெரியவை. லண்டனில் இருக்கும் மருமகள், பழைய பிரிட்டிஷ் அளவுக்கென்றே தோல் தருபவரிடம் சொல்லி எடுத்து அனுப்பினார்.

இனித் தடிப்பு. பொலியெஸ்டர் தோலின் தடிப்பை மில் என்ற அளவில் சொல்வார்கள், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரெமோ அம்பாசடர், எவன்ஸ் ஜி1 இரண்டும் 10 மில் ஒற்றைப் படலம். ரெமோவின் எம்பெரர், பின்ஸ்ட்ரைப், எவன்ஸின் ஜி2 எல்லாம் 7 மில் படலங்கள் இரண்டு. நான் நான்கின் மேற்பக்கத்துக்கும் வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படலத்தையே தெரிவு செய்தேன். அந்தக் காலத்து ட்ரம்களின் வாய் விளிம்பு வட்டமாக மழுங்கி இருக்கும், கத்திபோல் கூராக இராது. தோல் கூடுதல் இடத்தில் மரத்தைத் தொடுவதால் ஒலி தானாகவே அடங்கி, கனிந்து வரும். அதன்மேல் இரட்டைப் படலத்தையும் போட்டால் மரத்தின் குரல் கேட்காது, பிளாஸ்டிக் தட்டுகிற ஓசைதான் மிஞ்சும். கஃப்ரிஞ்ஞாவின் ஆறு மாத்திரைத் தாளத்தில் பெரிய அடிகளுக்கு நடுவே மெல்லிய அடிகள் வந்துகொண்டே இருக்கும். அவை பேச வேண்டுமென்றால் மெல்லிய தோல்தான் வேண்டும். பிரஷ் வைத்து வாசிப்பவருக்கோ பூச்சில்லாத தோலால் பயனே இல்லை.

கீழ்ப்பக்கத்து வளையங்களில் இருந்தவை அந்தக் காலத்துத் தோல்கள். மஞ்சளாகி, நடுவில் தொய்ந்திருந்தன. மகன் அவற்றை மாற்றாமல் விடவே நினைத்திருந்தார். மேல்தோல் அடியை வாங்குகிறது, ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கீழ்த்தோல்தான் தீர்மானிக்கிறது என்று வற்புறுத்தி, கீழேயும் மாற்றச் செய்தேன்.

சுருதி கூட்டிய மாலையில், ஐயாவின் நண்பரான அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவர் வந்திருந்தார். வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். ட்ரம் சாவியை அவர் கையால் தொட்டதே இல்லை. ஆனால் பெரிய டொம்மை மடியில் சாய்த்து, நடுவிரல் நுனியால் ஒவ்வொரு திருகாணிக்கும் நேரே விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "தம்பி, இந்த மூலை இறங்கிக் கிடக்கிறது. கொஞ்சம் ஏற்றுங்கள்." கால் சுற்று முறுக்கினேன். மறுபடியும் தட்டினார். "இன்னும் ஒரு மயிரிழை." அதற்குப் பிறகு அந்த ட்ரம் ஒரே சுரத்தில் நின்றது. ஐயா எழுந்து வந்து உள்ளங்கையால் அதை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, மகனிடம் குச்சிகளை எடுத்து வரச் சொன்னார்.

அக்கரைப்பற்றிலிருந்து:

புளியந்தீவுச் சகோதரர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். என்னிடம் இருப்பது 1970களின் ஜப்பான் செட். அளவில் சிக்கல் வரவில்லை, எல்லாம் கடைத் தோலே பொருந்தியது. வெளி மைதானத்தில் பெரிய ஸ்பீக்கர்களோடு வாசிக்கிறவன் நான். அங்கே ஒற்றைப் படலப் பெரிய டொம் நீளமாக ஊளையிடும், மைக் அதை இன்னும் பெருப்பிக்கும். பெரிய டொம்முக்கு எம்பெரர், சின்ன டொம்முக்கு அம்பாசடர் என்று பிரித்துப் போட்டேன். செட் பழையது என்பதற்காக எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து சொல்ல முடியாது. எங்கே வாசிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஸ்நேர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழ்த்தோல் தனி வகை. கம்பிச் சுருள் அதிர்வதற்காக 3 மில் அளவுக்கு மெல்லியதாகச் செய்வார்கள். என் செட்டை முன்பு வைத்திருந்தவர் கீழேயும் 10 மில் தோலையே போட்டிருந்தார். கம்பிகள் செத்துக் கிடந்தன. ஸ்நேரே பழுது என்று சொல்லித்தான் விலையைக் குறைத்துக் கொடுத்தார். தோலை மாற்றியவுடன் பேசத் தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கீர்மார் தாயிரா என்ற கைப்பறையை அடிக்குமுன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பொலியெஸ்டருக்கு அந்த வேலை இல்லை. மாரி மாதத்திலும் சுருதி அவ்வளவாக இறங்காது. ஆனால் கடற்காற்று திருகாணிகளை விடாது.

மீண்டும் புளியந்தீவிலிருந்து:

மைதான விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஐயா வாசிப்பது வீட்டிலும் கோயில் மண்டபத்திலும்தான், அங்கே எனக்கு ஒற்றைப் படலம் போதும்.

திருகாணிகளைச் சொன்னது நல்லதாயிற்று. தோல் கழற்றிய வேளைதான் அவற்றைப் பார்க்கும் வேளை. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டுப் பூட்டினேன். அப்படியே விளிம்பையும் பார்த்துவிடுங்கள். சமமான கண்ணாடி மேசைமேல் ட்ரம்மைக் கவிழ்த்து, விளக்கை அணைத்து, உள்ளே டோர்ச்சை எரியவிட்டால் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே வெளிச்சம் கசியும். சின்னக் கசிவென்றால் விளிம்பில் மெழுகு தேய்த்தால் போதும். விரல் நுழையும் இடைவெளி என்றால் நல்ல தச்சரிடம் காட்டுங்கள், நீங்களாக அரம் எடுக்க வேண்டாம்.