ஃபைப்ராய்டுக்கு எம்போலைசேஷன் பண்ணிக்கிட்டேன், ராத்திரி வலியைப் பத்தியும் சொல்லணும்

ஃபைப்ராய்டுன்னா கர்ப்பப்பையில வர்ற, புற்றுநோய் இல்லாத கட்டி. கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு சொன்னப்ப மனசு ஒப்பல, வேற வழி தேடினப்பதான் இந்த எம்போலைசேஷன் தெரிஞ்சுது, கட்டிக்குப் போற ரத்தத்தை உள்ளேயே அடைச்சிட்டா அது தானா சுருங்கும். 1995லயே பிரான்ஸ்ல ராவினாங்கற டாக்டரோட குழு இதை வெளியிட்டுட்டாங்க, ஆனா எனக்கு யாரும் சொல்லவே இல்ல.

முழு மயக்கம் இல்ல. தொடை இடுக்குல மரத்துப்போற ஊசி போட்டாங்க, அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் ரத்தக்குழாய்க்குள்ள ஒரு ஒயரு, அது மேலயே மெல்லிசா ட்யூப், உள்ள போறது தெரியவே இல்ல. எக்ஸ்ரேல ரத்தக்குழாய் தெரியறதுக்கு விடற டைங்கற மருந்தை விட்டதும் அடிவயிறு ஃபுல்லா சூடா பரவும், யூரின் போயிட்ட மாதிரியே இருக்கும், பயப்படாதீங்க. ஸ்க்ரீன்ல கட்டியைச் சுத்தி ரத்தக்குழாய் கொடி மாதிரி படர்ந்திருந்துச்சு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துகளை விட விட அது கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுது, அதே ஓட்டை வழியா இடது பக்கம் வலது பக்கம் ரெண்டையும் முடிச்சிட்டாங்க.

வலி அதுக்கப்புறம், ராத்திரிதான். ரத்தம் இல்லாம கட்டி சாகுறப்ப வர்ற வலி, பீரியட்ஸ் வலியெல்லாம் ஒண்ணுமே இல்ல, கூடவே குமட்டல், லேசா காய்ச்சல், காலை வேற மடக்கக் கூடாது. "சின்ன ஓட்டைதானே"ன்னு சொல்றவங்க இதையும் சொல்லணும். வலிக்கு என்ன மருந்து தருவீங்கன்னு முன்னாடியே கேட்டு வாங்கிக்கங்க. கட்டி சுருங்க மாசக்கணக்கா ஆகும். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா அதை முதல்லயே பேசிடுங்க.

---

எங்க அப்பாவுக்கு பித்தக்குழாய் அடைப்பு. கண்ணெல்லாம் மஞ்சள், அரிப்புல ராத்திரி தூங்கவே மாட்டாரு, பாக்கவே முடியாது. எண்டோஸ்கோபி வழியா முடியலன்னதும் வலது விலா இடுக்குல அல்ட்ராசவுண்ட் பாத்து ஊசி விட்டு ட்யூப் வச்சாங்க. பையில கரும்பச்சையா பித்தம் இறங்க இறங்க அரிப்பு விட்டுச்சு, மனுஷன் தூங்கினாரு. மேல எழுதின சிஸ்டர் சொன்ன மாதிரி அப்புறம்தான் வேலையே, ட்யூப் இழுபடாம பாத்துக்கணும், ஆஸ்பத்திரியில காட்டிக்கொடுத்தபடி ட்யூப்ல சலைன் விடணும். பை திடீர்னு காலியா நின்னு குளிர்காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.

---

நான் கேத்லேப்ல, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள ட்யூப் விட்டு வைத்தியம் பண்ற இடத்துல, டெக்னீஷியன். இப்படி ட்யூப் விட்டே வைத்தியம் பண்ற இந்தத் துறைக்கு (இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி) வழி போட்டது 1964ல அமெரிக்காவுல சார்லஸ் டாட்டர், காலை எடுக்க ஒத்துக்காத 82 வயசு பாட்டிக்கு தொடை ரத்தக்குழாய் அடைப்பை ட்யூப் விட்டே விரிச்சாரு, அந்தக் கால் தப்பிச்சுது. முதல்ல எழுதின சிஸ்டர் சொன்னது ரொம்ப சரி, பண்ணப்போற டாக்டரையே முன்னாடி ஒருதடவை பாத்துப் பேசிடுங்க. ரத்தம் உறையாம இருக்க எடுக்கற மாத்திரை, சுகர் மாத்திரை, கிட்னி ரிப்போர்ட், டை அலர்ஜி எல்லாத்தையும் சொல்லிடுங்க, எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, எதை எப்போ நிறுத்தணும்னு அவங்களே எழுதித் தருவாங்க.