குன்னூரில் இருந்து பழனிக்கு நடந்து போக எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

வண்டிச்சோலை வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தைப்பூசத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு குன்னூரில் இருந்து பழனிக்கு நடக்கப் போகிறேன். இதுவரை பாதயாத்திரை போனதில்லை. முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

நான் போட்ட கணக்கு இது. குன்னூர், மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று ரோட்டு வழியாகப் போனால் சுமார் 175 கிலோமீட்டர். மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் நடந்தால் 35 கிலோமீட்டர். ஐந்தே நாள். பஸ்ஸில் திரும்பி வர ஒரு நாள். ஆக 6 நாள் லீவு. சரிதானா?

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 58. முப்பத்தொரு வருடம் தேயிலை பறித்தவர். முதுகில் கொழுந்து மூட்டையோடு செங்குத்துச் சரிவில் ஏறி இறங்கிய கால். சின்ன வயதில் பெற்றோரோடு கண்டியில் இருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர். என் பாட்டி அங்கே இருந்தபோது கதிர்காமத்துக்கு நடந்தே போனவராம். அதனால் நடை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் பயமில்லை.

போன ஆனியில் தங்கையின் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். விடிகிற நேரத்தில் அம்மா வேண்டிக்கொண்டார், "என் வீட்டு வாசல்ல இருந்தே நடந்து வர்றேன், பழனியப்பா." இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். குட்டிக்கு இப்போது ஆறு மாதம். எனவே இதைத் தவறாமல் முடிக்க வேண்டும். நடந்து போனவர்கள் சொல்லுங்கள்.

காட்டேரி மாமா:

தம்பி, தங்கச்சியும் குழந்தையும் நல்லா இருக்கிறது கேட்டு மனசு நிறைஞ்சுது. நான் 14 வருடமாகக் குன்னூரில் இருந்து நடக்கிறேன். உன் தூரக் கணக்கு சரி. நாள் கணக்கு தப்பு.

முதல் விஷயம் யானை. சமவெளிக்காரர்கள் ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து நடப்பார்கள். நாமும் அப்படியே செய்யலாம் என்று நினைக்காதே. மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற மலை ரோட்டில் பர்லியாறில் இருந்து கல்லாறு வரை யானை ரோட்டைக் கடக்கிற இடம். குன்னூரில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், இருட்டுமுன் கல்லாறைத் தாண்டிவிட வேண்டும். தை மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆக மலை ரோட்டில் உனக்குக் கிடைக்கிற நேரம் பதினோரு மணி நேரம்கூட இல்லை. 14 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி நிற்க வேண்டும். குறுக்கு வழி என்று யாராவது ரயில் பாதையைக் காட்டினால் போகாதே. அதில் நடப்பது குற்றம், குகைக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடமில்லை.

எங்கள் குழுவில் வாலிபப் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தை ஒரே நாளில் தொட்டுவிடுவார்கள். வயசானவர்களுக்கு அது வேண்டாம். முதல் நாள் பர்லியாறு வரை நடந்து, அங்கே இருந்து பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போய்த் தூங்கு. மறுநாள் விடிந்ததும் பஸ்ஸில் பர்லியாறுக்கே திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து காலை வை. வேண்டுதலில் ஒரு அடிகூடக் குறையாது. என் அம்மாவும் கடைசி மூன்று வருடம் அப்படித்தான் இறங்கினார்.

இரண்டாவது, மணிக்கு 5 என்பது தனி ஆள் கையை வீசி நடக்கிற வேகம். தண்ணீர் குடிக்க, பை மாற்ற, ஒருவர் வருகிறவரை இன்னொருவர் காத்திருக்க என்று கூட்டமாகப் போனால் 3 வந்தாலே பெரிது. இதை என் சொல்லை வைத்து நம்ப வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் அழைத்துப் போ. பஸ் ஸ்டாண்டில் இருந்து காரமடை ரங்கநாதர் கோயில் வரை நட. சுமார் 9 கிலோமீட்டர். வேண்டுமென்றே காலை ஒன்பது மணிக்குமேல் கிளம்பு. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வந்து இங்கே எழுது, மீதிக் கணக்கை அப்புறம் போடுவோம்.

பெருமாள்மலை வழிகாட்டி:

நான் கொடைக்கானல் பக்கம். மலையேற்றத்துக்கு ஆட்களை அழைத்துப் போவது தொழில். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே பழனிக்கு நடப்பது எங்கள் நண்பர்கள் வழக்கம். மேகம் இல்லாத நாளில் அந்தக் கோயிலில் நின்றால் பழனி மலை கண்ணுக்குத் தெரியும். தெரிகிற மலைதானே என்று நம்பி முதல் தடவை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ரோட்டில் சுமார் 64 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். மலை நடைக்கு நாங்கள் பயன்படுத்துகிற பழைய கணக்கு ஒன்று உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். ஏற்றத்துக்குத்தான் நேரம் கூட்டினார், இறக்கத்துக்கு எதுவும் கூட்டவில்லை. நானும் கூட்டவில்லை. முதல் நாள் வடகவுஞ்சி, சவரிக்காடு எல்லாம் தாண்டி ஓட்டமாக இறங்கிவிட்டேன். மறுநாள் காலை எழுந்தால் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. வரதமாநதி அணை கண்ணெதிரே இருக்கிறது, பழனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆனால் தொடை கேட்கவில்லை.

காரணம் இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது அதே தசை உடம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக் மாதிரி, நீண்டுகொண்டே பாரம் தாங்கும். தசையில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். அந்த வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிலிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். உங்களுக்குக் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 320. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை இறங்குகிறீர்கள். முதல் இரண்டு நாள் மலை என்றால் வலி உச்சம் மூன்றாம், நான்காம் நாளில், கோயம்புத்தூர் ரோட்டில் வரும். அந்த இரண்டு நாளையும் சின்ன நாளாக வையுங்கள். இறங்கும்போது அம்மா கையில் ஒரு கம்பு கட்டாயம் இருக்கட்டும், காலடி சின்னதாக இருக்கட்டும்.

கோத்தகிரி அக்கா:

தம்பி, ஆண்கள் யாரும் சொல்லாத இரண்டு விஷயத்தை நான் சொல்கிறேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்பது என்பதை உங்கள் கால் முடிவு செய்யாது, அம்மாவுக்குக் கழிப்பறை எங்கே கிடைக்கும் என்பதுதான் முடிவு செய்யும். கிடைக்காது என்ற பயத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள். நான் அப்படி நடந்து கிணத்துக்கடவு தாண்டி மயங்கி விழுந்திருக்கிறேன். பெட்ரோல் பங்க், கோயில், கல்யாண மண்டபம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு தடவை பைக்கில் போய்க் குறித்து வாருங்கள். அதை வைத்து நாளைப் பிரியுங்கள்.

அடுத்தது வெயில். நம் ஊர்ப் பெண்களுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தையில் ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக இருந்த உடம்பு, இரண்டே நாளில் சமவெளி ரோட்டு வெயிலுக்குப் போகிறது. சரிவில் நடக்கிற கால் அடிக்கு அடி மாற்றி மாற்றி விழும். சமதளத் தார் ரோட்டில் பாதத்தின் ஒரே இடம் நாள் முழுக்க அடிபடும், கொப்புளம் அங்கேதான் வரும். பத்து மணிக்குமேல் வெறுங்காலோடு அந்தத் தாரில் நடக்க முடியாது. அம்மா செருப்பில்லாமல் வருவதாக வேண்டினாரா, இல்லை நடந்து வருவதாக மட்டும் வேண்டினாரா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. செருப்பைப் பற்றி வேண்டவில்லை என்றால் பழகின பழைய செருப்பையே போடட்டும், புதுசு வாங்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் மலை ரோட்டு அளவுக்கு யானைப் பயம் இல்லை. அங்கிருந்து விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். மறுபடி நாலரைக்கு மேல் இரண்டு மணி நேரம் போதும். எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

வண்டிச்சோலை வாசி:

மாமா சொன்ன மாதிரி போன ஞாயிறு காரமடை வரை நடந்து பார்த்தோம். ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். கோயில் கோபுரத்தடியில் மணி பார்த்தபோது 12.25. மூன்று மணி பத்து நிமிடம். மணிக்கு 3 கிலோமீட்டர்கூட வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் அம்மா எனக்கு முன்னால் போனார். அப்புறம் முகம் சிவந்து, புளிய மரம் கண்ட இடத்தில் எல்லாம் நின்றார். வலி எதுவும் இல்லையாம், "காத்தே இல்லடா" என்றார். எனக்குத்தான் இடது குதிகாலில் கொப்புளம்.

செருப்பைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நடந்து வர்றேன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார். கொஞ்சம் நிம்மதி.

இந்த வேகத்தில் நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றால் 9 நாள் ஆகிறது. எனக்கு அவ்வளவு லீவு தர மாட்டார்கள். கேட்டுவிட்டேன், திரும்பும் நாளையும் சேர்த்து 7 நாள்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து தொடங்கலாமா என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

காட்டேரி மாமா:

வாசலில் இருந்து என்று சொன்னவரை மேட்டுப்பாளையத்தில் இருந்து என்று கேட்காதே தம்பி. அவருக்கு அது பாதி வேண்டுதல்.

அம்மா வேகத்துக்கு நான் பிரித்துப் பார்த்தேன். முதல் நாள் பர்லியாறு, இரண்டாம் நாள் மேட்டுப்பாளையம். மூன்றாம் நாள் பெரியநாயக்கன்பாளையம் போதும், 18 கிலோமீட்டர் வரும். நான்காம் நாள் கோயம்புத்தூர் ஊருக்குள் நுழைந்து நில், தொடை வலி அன்றைக்குத்தான் பேசும். ஐந்தாம் நாள் ஈச்சனாரிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கிணத்துக்கடவு. அங்கே பொன்மலை மேலேயும் நம் வேலன்தான், கீழே நின்று கும்பிட்டுக்கொள், ஏற வேண்டாம். ஆறாம் நாள் பொள்ளாச்சி. ஏழாம் நாள்தான் நீளம், உடுமலை வரை 30-க்குப் பக்கம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், பயப்படாதே. எட்டாம் நாள் மடத்துக்குளம், அமராவதியில் கால் நனைக்கலாம். ஒன்பதாம் நாள் பழனி.

அப்புறம் ஒரு நாள் பழனிக்கே வேண்டும், அதை நீ கணக்கில் சேர்க்கவே இல்லை. பூசத்தன்று போய்ச் சேர்ந்தால் தரிசன வரிசையிலேயே பொழுது போய்விடும். கொடியேற்றத்தில் இருந்து 10 நாள் விழா, ஏழாம் நாள் தேர். தேருக்கு மூன்று நாள் முன்னதாகச் சேர்கிற மாதிரி கிளம்பு. மேலே 693 படி. 175 கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்கு யானைப்பாதை நல்லது, சரிவாக ஏறும்.

லீவுக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் குழுவில் இந்த வருடம் ஆறு பெண்கள் வருகிறார்கள். மூன்று பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பர்லியாறு கணக்கில்தான் இறங்குகிறோம். அம்மா எங்களோடு கிளம்பட்டும், நீ பின்னால் வந்து சேர்ந்துகொள்.

வண்டிச்சோலை வாசி:

மாமா, நேற்று உங்கள் பதில், அக்காவின் பதில், கொடைக்கானல் அண்ணன் பதில் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பர்லியாறுக்கு பஸ்ஸில் திரும்பி வருகிற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "விட்ட இடத்துல அடையாளம் வச்சுட்டு வரணும்" என்றார்.

முடிவு இதுதான். அம்மா வாசலில் இருந்து உங்கள் குழுவோடு கிளம்புகிறார். பக்கத்து லைன் வீட்டுச் சித்தியும் உடன் வருகிறார். முதல் நாள் எனக்கு வார விடுமுறை, பர்லியாறு வரை நானும் நடந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். நான்காம் நாள் ராத்திரி கோயம்புத்தூரில் வந்து சேர்ந்துகொள்கிறேன். கோயம்புத்தூரில் இருந்து பழனி வரை ஐந்து நாள், பழனியில் ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஏழு நாளுக்குள் அடங்கிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு பைக்கில் போய் அக்கா சொன்ன இடங்களைக் குறித்துச் சித்தி கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கை குழந்தையோடு பஸ்ஸில் பழனிக்கு வருகிறாள். அம்மா மலையேறும்முன் எங்கே காத்திருக்கச் சொல்லலாம்?

கோத்தகிரி அக்கா:

சண்முகநதிக்கு வரச் சொல்லுங்கள். உடுமலை ரோட்டில் பழனிக்குள் நுழையும்முன் வரும். நடந்து வருகிறவர்கள் குளித்துத் துணி மாற்றுவது அங்கேதான். கூட்டம் அதிகமாக இருக்கும், கைக்குழந்தையைப் படித்துறைக்கு இறக்காமல் மேலே பாலத்துப் பக்கம் நிழலில் நிற்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரு மாற்றுப் புடவையும் தங்கை கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள், சுமக்க வேண்டாம்.