கடல்சார் ரோந்து விமானங்களுக்குத் துல்லியத் தாக்குதல் ஆயுதங்கள் தேவையா?

கேள்வி: கடலோடி

கடல்சார் ரோந்து விமானங்களின் முதன்மைப் பணி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதும், பரந்த கடற்பரப்பில் யார் எங்கே போகிறார்கள் என்று கண்காணிப்பதும்தான். பி-3சி ஓரியன், பி-8ஏ பொசைடன், பிரான்சின் அட்லாண்டிக் 2, ஜப்பானின் கவாசாகி பி-1 ஆகிய யாவும் இதற்காகவே உருவானவை. இவை நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோவும், ஹார்பூன் அல்லது எக்சோசெட் போன்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையும் சுமந்து செல்வது புதிதல்ல என்பதை அறிவேன். ஆனால் இப்போது பி-8ஏ விமானத்தில் எல்ராஸ்ம் எனப்படும் நெடுந்தொலைவுக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையைப் பொருத்தும் பணியில் அமெரிக்கக் கடற்படை இறங்கியிருக்கிறது. ஜேடாம் வழிகாட்டு குண்டுகளும் சிறுவிட்டக் குண்டுகளும்கூட அந்தத் திட்டப் பட்டியலில் இடம்பெற்றன.

பி-8ஏ என்பது போயிங் 737 பயணிகள் விமானத்தின் மாற்று வடிவம். அதனால் போர் விமானம்போல் வளைந்து நெளிந்து தப்பிக்க முடியாது. ரேடாரிலிருந்து மறையவும் முடியாது. இத்தகைய விமானத்திடம் தாக்குதல் பொறுப்பையும் ஒப்படைப்பது அறிவுடைய செயலா? போர் விமானங்களும் குண்டுவீச்சு விமானங்களும் இருக்க, இதற்கு என்ன அவசியம்? தொழில்நுட்பக் காரணங்களோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: வான்நோக்கி

முதலில் ஒரு திருத்தம். ரோந்து விமானத்தில் துல்லிய ஆயுதம் என்ற எண்ணம் நேற்று பிறந்ததன்று. 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படையின் பிரைவடீர் ரோந்து விமானங்கள், தானே ரேடார் கொண்டு கப்பலைத் தேடிச் செல்லும் ‘பேட்’ என்னும் சறுக்கு குண்டை போர்னியோ அருகே பயன்படுத்தின. பின்னர் வந்த தலைமுறைகளில் ஆயுதம் மாறியதே தவிர எண்ணம் மாறவில்லை.

தாங்கள் கேட்பதற்கு விடை, எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வான்பாதுகாப்பு இல்லாத எதிரி என்றால், நீண்ட நேரம் வட்டமிடக்கூடிய ரோந்து விமானம் போர் விமானத்தைவிட வசதியானது. 2011 மார்ச்சில் லிபியாவின் மிஸ்ராத்தா துறைமுகம் அருகே வணிகக் கப்பல்களை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த லிபியக் கடலோரக் காவல் கப்பலை, அமெரிக்க பி-3சி ஒன்று மேவரிக் ஏவுகணையால் தாக்கிச் செயலிழக்கச் செய்தது. மாலியில் பிரெஞ்சுக் கடற்படையின் அட்லாண்டிக் 2 விமானங்கள், கடலே இல்லாத பாலைநிலத்தில், லேசர் வழிகாட்டும் ஜிபியு-12 குண்டுகளை வீசின. இந்த இரு நிகழ்வுகளிலும் எதிர்த்தரப்பின் வான்பாதுகாப்பு வலுவற்றதாக இருந்தது.

சிக்கல் தொடங்குவது வலுவான வான்பாதுகாப்புள்ள போர்க்கப்பலை எதிர்கொள்ளும்போதுதான். அங்கே எல்லாம் தொலைவைப் பற்றிய கணக்காகிவிடுகிறது. 9,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ரேடாருக்குக் கடற்பரப்பு ஏறத்தாழ 390 கிலோமீட்டர் வரை தெரியும். அதே கோட்டில் கப்பலின் ரேடாரும் விமானத்தைப் பார்க்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. நவீனப் போர்க்கப்பல்கள் சுமக்கும் நெடுந்தொலைவு வான்பாதுகாப்பு ஏவுகணைகள் எட்டும் தொலைவு 150 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. ஹார்பூனின் வீச்சோ 120 கிலோமீட்டரை ஒட்டியது. ஆகவே ஹார்பூனை ஏவ வேண்டுமானால் விமானம் எதிரியின் எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும், அல்லது கடலை ஒட்டித் தாழ்வாகப் பறந்து அடிவானத்துக்குக் கீழே மறைந்து சென்றாக வேண்டும். 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் கப்பலின் ரேடார் சுமார் 50 கிலோமீட்டர் நெருங்கும்வரை கண்டுபிடிக்காது என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்தில் விமானத்தின் சொந்த ரேடாரும் குருடாகிவிடும். எரிபொருளும் வேகமாகத் தீரும்.

எல்ராஸ்ம் ஏவுகணை எட்டும் தொலைவு 370 கிலோமீட்டருக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. அதாவது விமானம் கப்பலைப் பார்க்கும் தொலைவும், தாக்கும் தொலைவும் முதல்முறையாக ஏறக்குறைய ஒன்றாகின்றன. வளைந்து நெளியும் திறன் இல்லாத விமானத்துக்கு, எதிரியின் ஏவுகணை எட்டும் தொலைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுவதுதான் ஒரே தற்காப்பு. என் பார்வையில், நெடுந்தொலைவு ஆயுதம் ரோந்து விமானத்தைத் துணிச்சலான விமானமாக்கவில்லை. அது துணியத் தேவையில்லாதபடி செய்கிறது.

மறுமொழி 2: பாய்மரம்

வான்நோக்கி அவர்களின் தொலைவுக் கணக்கை ஏற்கிறேன். முடிவை முழுமையாக ஏற்க இயலவில்லை. கண்டுபிடிப்பவரே சுட வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

பால்க்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில், 1982 மே 4 அன்று ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தாக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தது அர்ஜென்டினாவின் பழைய நெப்டியூன் ரோந்து விமானம். அது அவ்வப்போது மேலெழுந்து ரேடாரை ஒரு சுற்று இயக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் தாழ்ந்துகொண்டது. அது தந்த இடக்குறிப்பைக் கொண்டு எக்சோசெட் ஏவுகணைகளை ஏவியவை சூப்பர் எதாந்தார் போர் விமானங்கள். நெப்டியூன் ஒரு ஏவுகணைகூடச் சுமக்கவில்லை. ஆனாலும் அது இல்லாமல் அந்தத் தாக்குதலே நடந்திருக்காது. சோவியத் கடற்படையும் இதே வழியில்தான் சிந்தித்தது. அதன் டியு-95ஆர்டிஎஸ் விமானங்கள் இலக்கைக் கண்டு ரேடார் படத்தை அனுப்பும். ஏவுகணையை நீர்மூழ்கிக் கப்பலோ போர்க்கப்பலோ ஏவும்.

தாக்குதல் ஆயுதம் கைக்கு வந்துவிட்டால் தளபதிகள் அதைப் பயன்படுத்தவே விரும்புவார்கள். அப்போது நீர்மூழ்கிகளைத் தேட வேண்டிய பறப்பு நேரம் கப்பல் வேட்டைக்குப் போய்விடும். எந்தக் கடற்படையிலும் ரோந்து விமானங்கள் தேவைக்குக் குறைவாகவே இருக்கின்றன. 2011இல் கராச்சியின் மெஹ்ரான் கடற்படைத் தளத்தில் நடந்த தாக்குதலில் பாகிஸ்தான் தன்னிடமிருந்த மிகச் சில பி-3சி விமானங்களுள் இரண்டை ஒரே இரவில் இழந்தது. இப்படிப்பட்ட அரிய சொத்தைத் தாக்குதல் பணிக்கு அனுப்பி இழந்தால் அதோடு கடற்படையின் பார்வையும் போய்விடும். 1999இல் கட்ச் பகுதியில் இந்திய மிக்-21 விமானங்கள் பாகிஸ்தானின் அட்லாண்டிக் ரோந்து விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதில் அதிலிருந்த 16 பேரும் உயிரிழந்தனர். போர் விமானம் நெருங்கிவிட்டால் இந்த வகை விமானத்துக்குப் பிழைக்க வழியில்லை.

கடலோடி

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: இவ்வளவு கனமான ஏவுகணைகளை இறக்கையின் கீழ்த் தொங்கவிட்டால் பறக்கும் நேரம் எவ்வளவு குறையும்? ஒரு விமானத்தில் புதிய ஆயுதத்தைச் சேர்ப்பது தாங்கியை மாட்டித் திருகாணி முடுக்குவதோடு முடிந்துவிடுமா?

மறுமொழி 3: தச்சன்

பி-8ஏ விமானத்தில் 11 ஆயுதத் தாங்கிகள் உள்ளன: ஐந்து உடலுக்குள்ளிருக்கும் அறையில், ஆறு வெளியே. டார்பிடோக்கள் அறைக்குள் போகும். பெரிய ஏவுகணைகளை இறக்கையில்தான் மாட்ட வேண்டும். எல்ராஸ்ம் ஒன்று ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. நான்கை மாட்டினால் நான்கு டன்னுக்கு மேல் ஆகும். 737 வகை விமானம் மணிக்குத் தோராயமாக இரண்டரை டன் எரிபொருள் எரிக்கும் என்று வைத்துக்கொண்டால், உச்ச எடையில் கிளம்பும் விமானம் அந்த ஏவுகணைகளுக்காக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பை விட்டுக்கொடுக்கிறது. வெளியே தொங்கும் பொருள்களின் காற்றிழுவை இதற்கு மேல். தளத்திலிருந்து 2,200 கிலோமீட்டர் சென்று நான்கு மணி நேரம் தங்கித் திரும்புவதே இவ்விமானத்தின் இயல்பான கணக்கு என்பதால், இந்த இழப்பு சிறியதன்று. அதனால் எல்லாப் பறப்பிலும் ஏவுகணைகளை மாட்டிச் செல்லாமல், தேவைப்படும்போது மட்டும் மாட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

திருகாணி முடுக்குவதோடு முடியாது என்பதற்கு நிம்ராடை நினைவூட்டுகிறேன். 1982இல் பால்க்லாந்து போருக்காக பிரிட்டன் தன் நிம்ராட் ரோந்து விமானங்களில் ஹார்பூன், வான்வழி எரிபொருள் நிரப்பும் வசதி, விமானங்களைத் தாக்கும் சைட்வைண்டர் ஏவுகணை என எல்லாவற்றையும் சில வாரங்களில் சேர்த்தது. (உலகின் மிகப் பெரிய போர் விமானம் என்று கேலியும் செய்தார்கள்.) அந்த எரிபொருள் வசதி பின்னர் நிரந்தரமாகிவிட்டது. 2006இல் ஆப்கானிஸ்தான் மேல், வான்வழி எரிபொருள் நிரப்பிய சற்று நேரத்தில், நிம்ராட் ஒன்று தீப்பற்றி 14 பேர் இறந்தனர். கசிந்த எரிபொருள் சூடான காற்றுக் குழாயைத் தொட்டதே காரணமாகக் கருதப்பட்டது. அந்த விபத்தை ஆராய்ந்து 2009இல் வெளியான ஹேடன்-கேவ் அறிக்கை, ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போன மாற்றங்களின் பாதுகாப்பு முறையாக ஆராயப்படவில்லை என்று கடுமையாகச் சாடியது. ஏவுகணையைச் சேர்க்கும்போதும் இறக்கையின் அதிர்வு, பிரியும் நொடியில் ஏவுகணை உடலில் இடிக்காமை, மின்காந்த இடையூறு, பணிக் கணினியின் மென்பொருள் என ஒவ்வொன்றையும் பறந்து சோதித்தாக வேண்டும். எல்ராஸ்ம் 2018இல் பி-1பி குண்டுவீச்சு விமானத்திலும், 2019இல் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட்டிலும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அந்த அனுபவம் பி-8ஏவுக்கு உதவும், ஆனால் சோதனைகளைத் தவிர்க்க உதவாது.

மறுமொழி 4: வான்நோக்கி

பாய்மரம் அவர்கள் சொன்ன நெப்டியூன் எடுத்துக்காட்டு சரியானது. ஆனால் அதே போரின் மே 25ஆம் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று ஏவப்பட்ட எக்சோசெட் ஏவுகணைகள், கடற்படை அணி ரேடாரை ஏமாற்றத் தூவிய தகடுகளால் திசைமாறி, அட்லாண்டிக் கன்வேயர் என்ற வணிகக் கப்பலைத் தாக்கின. அக்கால ஏவுகணை தன் ரேடாரில் தென்பட்டதைப் பிடித்துக்கொண்டது. இன்றைய நெடுந்தொலைவுத் தாக்குதலில் இந்தச் சிக்கல் பெருகுகிறது. ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகப் பறக்கும் ஏவுகணை 370 கிலோமீட்டர் கடக்க இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள், மணிக்கு 30 கடல்மைல் வேகத்தில் செல்லும் கப்பல் 19 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், அந்த இடத்தில் மீன்பிடிப் படகோ சரக்குக் கப்பலோ வந்திருக்கலாம். தாக்கும் இலக்கு படை இலக்குதானா என்று உறுதிசெய்ய இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும் என்று கடற்போர்ச் சட்டங்களைத் தொகுத்த 1994ஆம் ஆண்டின் சான் ரெமோ கையேடும் வலியுறுத்துகிறது.

எல்ராஸ்ம் எதிரி ரேடாரின் அலைகளைக் கேட்டும், அகச்சிவப்புப் படம் எடுத்தும் தன் இலக்கைப் பிரித்தறியும். வழியில் தரவுத் தொடர்பு மூலம் புதிய இடக்குறிப்பையும் பெறும். அந்தப் புதிய குறிப்பை யார் தருவது என்பதில்தான் ரோந்து விமானத்தின் பலம் இருக்கிறது. அந்தக் கடற்பகுதியில் எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது என்பதைப் பல மணி நேரமாகக் குறித்துக்கொண்டிருக்கும் குழுவினர் அதில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஏவுகணையை ஏவிய போர் விமானம் எரிபொருள் குறைந்து உடனே திரும்பியாக வேண்டும். பி-8ஏவோ ஏவிய பிறகும் தொலைவில் வட்டமிட்டு, இலக்கைத் தொடர்ந்து பார்த்து, தாக்குதல் பலித்ததா, இரண்டாவது ஏவுகணை தேவையா என்பதைத் தானே அறிந்து சொல்ல முடியும். பாய்மரம் அஞ்சுவதுபோல் நீர்மூழ்கி வேட்டைக்கான நேரம் குறையும் என்பதை மறுக்கவில்லை. அதற்காகவே பரந்த கண்காணிப்பை ஆயுதமற்ற டிரைட்டன் ஆளில்லா விமானங்களுக்கு அமெரிக்கக் கடற்படை ஒதுக்கி, பி-8ஏ குழுவினரின் நேரத்தை விடுவிக்கப் பார்க்கிறது.