சும்மா டைப் பண்றதுக்கே ரெண்டரை மணி நேரத்துல சார்ஜ் காலி, காரணம் பிராசஸரா கிராபிக்ஸ் கார்டா?

கயல்:
வணக்கம், லேப்டாப் பேட்டரி விஷயமா ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. வாங்கி எட்டு மாசம் ஆச்சு. ஹெச் சீரிஸ் (வேகத்துக்குன்னு வர்ற வகை) பிராசஸர், 16 ஜிபி ராம், 6 ஜிபி தனி கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், பேட்டரி 60 வாட் அவர். வீடியோ எடிட்டிங்குக்காகத்தான் தனி கார்டு இருக்கிறதா பார்த்து எடுத்தேன், ஆனா எடிட்டிங் எப்பவும் சார்ஜர் போட்டுதான் பண்றேன். பிரச்சனை என்னன்னா, சார்ஜரைக் கழட்டிட்டு சும்மா டைப் பண்ணா, பிரவுசர்ல நாலஞ்சு டேப், ஒரு டாக்குமென்ட், அவ்ளோதான், ரெண்டரை மணி நேரத்துல மொத்தமா ஆஃப் ஆயிடுது. பிரைட்னஸ் குறைச்சுட்டேன், பேட்டரி சேவர் போட்டுட்டேன், ப்ளூடூத் ஆஃப், பெருசா ஒண்ணும் மாறல. இன்னொண்ணும் கவனிச்சேன், ஒண்ணுமே ஓடாதப்பகூட கீபோர்டுக்கு மேல இடது ஓரத்துல கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு, ஃபேனும் லேசா சுத்திட்டே இருக்கு.

என் தோழியோடது யூ சீரிஸ் (சிக்கனத்துக்குன்னு வர்ற வகை), பேட்டரி என்னோடதைவிட சின்னது, 50தான், ஆனா ஏழு மணி நேரம் நிக்குது. ஹெச் சீரிஸ் வாங்கினதே தப்பா? இதை வித்துட்டு வேற வாங்கிடலாமான்னு இருக்கு. வெளிய போனா முதல்ல பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு தேடிதான் உக்காரவே வேண்டியிருக்கு.

நிலவன்:
ஹெச் சீரிஸ்னா 45 வாட், யூ சீரிஸ் 15 வாட், மூணு மடங்கு. அதான் வித்தியாசம் சகோ. பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்குங்க, டர்போ, அதாவது பிராசஸர் தானா வேகத்தைக் கூட்டிக்கிறது, நின்னுடும். டிவைஸ் மேனேஜர்ல போய் கிராபிக்ஸ் கார்டை டிசேபிள் பண்ணிடுங்க, பிரச்சனை முடிஞ்சது.

ரேவதி:
கயல், விக்கிறதைப் பத்தி இப்ப யோசிக்காதீங்க மா. டிசேபிளும் பண்ணிடாதீங்க, அது ஏன்னு கீழ சொல்றேன். நான் லேப்டாப் சர்வீஸ் பாக்குறவ, இந்த வெதுவெதுப்பு எனக்கு நல்லா தெரிஞ்ச அறிகுறி.

முதல்ல வாட் கணக்கு போடுங்க. 60ஐ ரெண்டரையால வகுத்தா 24 வருது, அதாவது சும்மா டைப் பண்றதுக்கே மணிக்கு 24 வாட் அவர் குடிக்குது. தோழியோடது 50 பை 7, சுமார் 7 வாட். நடுவுல இருக்கிற அந்த 17 வாட் எங்க போகுது, அதைத்தான் பிடிக்கணும்.

நிலவன் சொன்ன 45, 15 எல்லாம் பிராசஸர் தொடர்ந்து முழு லோடுல ஓடும்போது உள்ள அளவு. நீங்க ஒரு எழுத்து அடிச்சு அடுத்த எழுத்து அடிக்கிறதுக்குள்ள பிராசஸர் பல தடவை தூங்கி எந்திரிச்சுடும், அந்த மாதிரி லேசான வேலைல ஹெச்சா இருந்தாலும் யூவா இருந்தாலும் பெரும்பாலான நேரம் சில வாட்லதான் கிடக்கும். அதனால பிராசஸர் பேர் மட்டும் உங்க 17 வாட்டுக்கு காரணமா இருக்க முடியாது. என் சந்தேகம் முழுக்க தனி கார்டு மேலதான்.

இந்த மாதிரி லேப்டாப்ல ரெண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒண்ணு பிராசஸருக்குள்ளயே இருக்கிறது, இன்னொண்ணு தனி கார்டு. சாதாரண வேலைக்கு உள்ள இருக்கிறதே போதும், தேவைப்பட்டா மட்டும் தனி கார்டு எந்திரிக்கணும், மத்த நேரம் கரண்டே போகாம அணைஞ்சு கிடக்கணும். கிராபிக்ஸ் கார்டு கம்பெனி என்விடியா 2010ல ஆப்டிமஸ்னு கொண்டு வந்தது இதுக்குதான். ஆனா ஸ்கிரீனை நேரா தனி கார்டோட இணைக்க மக்ஸ் ஸ்விட்ச்னு ஒண்ணு இப்ப நிறைய மாடல்ல வருது. கேமுக்கு நல்லது, ஆனா அப்படி இணைச்சுட்டா உங்க ஸ்கிரீனுக்கு படம் அனுப்புறதே தனி கார்டுதான், அதுக்கு தூக்கமே கிடையாது. சும்மாவே பத்து வாட்டுக்கு மேல போயிடும்.

இப்ப மூணு வேலை பண்ணுங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட்னு அடிச்சா ஒரு ஃபைல் வரும், அதுல டிசைன் கெபாசிட்டியும் (புதுசுல இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் (இப்ப நிக்கிற அளவு) என்னன்னு பாருங்க. அப்புறம் ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற மானிட்டரிங் சாஃப்ட்வேர் போட்டு, சார்ஜரைக் கழட்டி, எதையும் திறக்காம அஞ்சு நிமிஷம் விட்டு, பேட்டரி பகுதில சார்ஜ் ரேட் எத்தனை வாட்னு பாருங்க, மைனஸ்ல காட்டும். கடைசியா லேப்டாப்கூட வந்த கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல கிராபிக்ஸ் மோடு ஹைப்ரிட்டா (தேவைப்பட்டா மட்டும் தனி கார்டு) டிஸ்க்ரீட்டான்னு (எப்பவும் தனி கார்டு) பாருங்க.

டிசேபிள் ஏன் வேண்டாம்னா, கார்டோட கரண்டை நிறுத்துறதே அதை இயக்குற சாஃப்ட்வேரான டிரைவர்தான். டிசேபிள் பண்ணா டிரைவர் விலகிடும், ஆனா பல மாடல்ல கார்டுக்கு கரண்ட் போயிட்டேதான் இருக்கும், தூங்கச் சொல்ல ஆள் இல்லாம முன்னைவிட அதிகமா குடிச்சாலும் குடிக்கும்.

நிலவன்:
இது எனக்கு தெரியாது, நானும் டிசேபிள் பண்ணிதான் வச்சிருக்கேன். இன்னைக்கே எனேபிள் பண்ணி ரெண்டு விதமாவும் வாட் பாக்குறேன். நன்றிங்க.

கயல்:
அக்கா, பாத்துட்டேன். டிசைன் 60, ஃபுல் சார்ஜ் 54.2. சும்மா விட்டப்ப சார்ஜ் ரேட் மைனஸ் 21. மோடு டிஸ்க்ரீட்லதான் இருந்துச்சு! வாங்கின புதுசுல எடிட்டிங் வேகமா இருக்கும்னு நான்தான் மாத்தினேன், அதோட மறந்தே போச்சு. ஹைப்ரிட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், இப்ப 16. குறைஞ்சிருக்கு, ஆனா தோழியோடது பக்கத்துலகூட வரல. அந்த இடது ஓரம் இன்னும் சூடாதான் இருக்கு.

ரேவதி:
54 பை 21, கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம், கணக்கு ஒத்துப் போகுது பாருங்க. பேட்டரி எட்டு மாசத்துல பத்து சதவீதம்போல தேஞ்சிருக்கு, அது வேற, அதை ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னும் சூடு இருக்குன்னா ஏதோ ஒரு ஆப் தனி கார்டைப் பிடிச்சு வச்சிருக்கு. என்விடியா கார்டுன்னா கன்ட்ரோல் பேனல்ல டெஸ்க்டாப் மெனுக்குள்ள ஜிபியு ஆக்டிவிட்டி ஐகான் காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை டிக் பண்ணா கடிகாரம் பக்கத்துல சின்ன ஐகான் வரும், கிளிக் பண்ணா எந்த ஆப்னு பேரோட சொல்லும். அசையுற வால்பேப்பர், சாட் ஆப், கீபோர்டு லைட் சாஃப்ட்வேர், இதுங்கதான் வழக்கமா மாட்டும். மாட்டினதை விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ல சேர்த்து பவர் சேவிங்னு மாத்துங்க, அது பிராசஸருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸுக்கு போயிடும்.

ஒரு எச்சரிக்கை, கார்டு தூங்குதான்னு பாக்குறேன்னு மானிட்டரிங் சாஃப்ட்வேரையே திறந்து வச்சுட்டு உக்காராதீங்க. அது கார்டைக் கேள்வி கேட்டு கேட்டே எழுப்பி விட்டுடும். ஹெச்டபிள்யூஇன்ஃபோல தனி கார்டு சென்சாரை அணைச்சுட்டு பேட்டரி வாட் மட்டும் பாருங்க.

அருள்:
நடுவுல நுழையறேன், மன்னிச்சுக்கோங்க. நான் புதுசா வாங்கப் போறேன், எடிட்டிங் கேமிங் ரெண்டும் இல்ல, பேட்டரி மட்டும் நிக்கணும். ஹெச்எக்ஸ்னு போட்டிருந்தா ஒதுக்கிடணுமா? டர்போவை நிறுத்தினா நிஜமாவே மிச்சமா?

ரேவதி:
அருள் தம்பி, உங்க தேவைக்கு தனி கார்டே வேண்டாம், அது இல்லாம எடுத்தாலே இந்த தலைவலி பாதி போச்சு. இன்டெல்ல யூ 15, ஹெச் 45, ஹெச்எக்ஸ் 55 வாட்னு வரும். ஹெச்எக்ஸ் கிட்டத்தட்ட டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்குள்ள வைக்கிறது, சும்மா இருக்கும்போதும் மத்ததைவிட கூட குடிக்கும். ஏஎம்டிலயும் ரைசன் 7945ஹெச்எக்ஸ் மாதிரி வர்றது பல துண்டு சிப்பை சேர்த்து செய்யறது, துண்டுகளுக்கு நடுவுல டேட்டா போக வரவே ஓயாம செலவாகும். ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க, ரைசன் ஏஐ 9 ஹெச்எக்ஸ் 370ன்னு ஒண்ணு 2024ல வந்துச்சு, பேர்ல ஹெச்எக்ஸ் இருந்தாலும் அதோட அளவு 28 வாட்தான். அதே வருஷம் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வகைல ராமையே பிராசஸர் பேக்கேஜுக்குள்ள வச்சுட்டாங்க, பேட்டரிக்குன்னே செஞ்சது, ஆனா அந்த ராமை பின்னாடி கூட்ட முடியாது, யோசிச்சு எடுங்க.

பழைய மாடல் எடுத்தா ஏவி1 டிகோடிங், அதாவது ஏவி1ங்கிற வீடியோ வகையைப் பிரிக்கத் தனி வசதி, இருக்கான்னு பாருங்க, இன்டெல்ல 2020ல வந்த 11ஆவது தலைமுறைலேர்ந்து இருக்கு. அது இல்லன்னா அந்த வகை வீடியோ பாக்கும்போது பிராசஸரே உக்காந்து ஒவ்வொரு ஃபிரேமா பிரிக்கணும், சார்ஜ் இறங்குறது கண்ணுக்கே தெரியும்.

டர்போ நிறுத்துறது கனமான வேலைக்கு நல்ல மிச்சம்தான், ஏன்னா வேகம் கூடும்போது வோல்டேஜும் கூடுது, செலவு வோல்டேஜோட வர்க்கத்துல ஏறுது. டைப் பண்றதுக்கு அதனால பெரிய லாபம் இல்ல, வேலையை சட்டுனு முடிச்சுட்டு தூங்கப் போறதே அங்க சிக்கனம்.

கயல்:
கண்டுபிடிச்சாச்சு அக்கா! ஐகான்ல ரெண்டு பேர் காட்டுச்சு, அசையுற வால்பேப்பர் ஒண்ணு, சாட் ஆப் ஒண்ணு. வால்பேப்பரைத் தூக்கிட்டேன், சாட் ஆப்பை பவர் சேவிங்ல போட்டேன். கொஞ்ச நேரத்துல ஃபேன் சத்தம் நின்னுச்சு, ரூம்ல அவ்ளோ அமைதி, லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சோன்னு ஸ்கிரீனைப் பாத்தேன். சார்ஜ் ரேட் 9. அப்புறம் ஸ்கிரீனை 144லேர்ந்து 60 ஹெர்ட்ஸுக்கு மாத்தினேன், 8க்கு வந்துடுச்சு. இன்னைக்கு டைப் பண்ணிட்டே ஆறு மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டேன், இன்னும் சார்ஜ் இருக்கு.

ஒரே ஒரு கேள்வி. வெளிய மானிட்டர் ஹெச்டிஎம்ஐல மாட்டினா மறுபடி 18க்கு ஏறிடுது, மானிட்டருக்கு தனி பிளக் இருக்கே, ஏன்?

ரேவதி:
ரொம்ப சந்தோஷம் மா. மானிட்டர் உங்க பேட்டரியை குடிக்கல, நிறைய மாடல்ல ஹெச்டிஎம்ஐ போர்ட்டோட ஒயரிங்கே தனி கார்டுக்குதான் போகுது, மாட்டின உடனே அது எந்திரிச்சாகணும். டைப் சி போர்ட் சிலதுல பிராசஸர் பக்கம் போகும். அதுல டிஸ்ப்ளே வருமான்னு மேனுவல்ல பாத்துட்டு, மாட்டி வாட் பாருங்க.

கயல்:
தோழிகிட்ட கேபிள் வாங்கி டைப் சில மாட்டிட்டேன் அக்கா. 10லயே நிக்குது, இடது ஓரம் ஜில்லுன்னு இருக்கு.