இணைத்தபின் இதயத்தின் கீழ்க்கூர் காணாமல் போகிறது, உதவி தேவை

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பாட்டி உடுத்திய சிவப்புச் சுங்குடிப் புடவை ஒன்று பீரோவில் இருந்தது. முந்தானை நைந்துவிட்டது, மற்ற இடம் நன்றாகவே இருக்கிறது. அதை வெட்டித்தான் குழந்தைக்கு இதய வடிவப் பேட்ச்வொர்க் விரிப்பு தைக்கிறேன். கூட வைக்கும் வெள்ளை, சாதாரண மல் துணி.

தைத்து முடித்தால் 6 இன்ச் வரும் கட்டம், குறுக்கே 5, நெடுக்கே 6. அதில் 15 இதயம், 15 வெறும் வெள்ளை, சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி. இதயத்தின் ஒரு பாதிக்கு 3½ × 6½ இன்ச் சிவப்புத் துண்டு. கீழே 3½ இன்ச் வெள்ளைச் சதுரம் ஒன்று, மேலே இரு மூலையிலும் 1½ இன்ச் சதுரம். சதுரங்களைச் சிவப்பின் மேல் வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகத் தைத்து, கால் இன்ச் விட்டு மிச்சத்தை வெட்டித் திருப்பி அயர்ன் செய்தேன். இரண்டு பாதியைச் சேர்த்தால் இதயம்.

தனியாகப் பார்த்தபோது அத்தனை அழகு. மூன்று வரிசையை இணைத்துத் திருப்பிப் பார்த்தால், கீழ்க்கூர் தையலுக்குள் போய்விட்டது. அந்த இடம் அரை இன்ச் அகலத்துக்குத் தட்டையாக நிற்கிறது. இது போதாதென்று, இன்னும் இணைக்காத இரண்டு இதயங்களில் இரு பாதியும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. கட்டங்களும் ஒன்றுக்கொன்று கூடக் குறைய வருகின்றன.

புடவையில் மிச்சம் ஒரு முழம்கூட இல்லை. புதிதாக வெட்ட முடியாது. இருப்பதை வைத்துச் சரிசெய்ய வழி உண்டா?

பாபின்:
வெட்ட வேண்டி வராது, கவலைப்படாதீர்கள். முதலில் இரண்டு அளவு சொல்லுங்கள். இரு பாதியையும் சேர்த்த நடுத்தையலில் ஓரம் எவ்வளவு விட்டீர்கள்? வரிசையோடு வரிசை சேர்த்ததில் எவ்வளவு? நினைவில் சொல்லாமல், பின்பக்கம் திருப்பி டேப் வைத்துப் பாருங்கள்.

நூல்கண்டு:
நடுத்தையல் கால் இன்ச். வரிசை சேர்த்தது அரை இன்ச்! பிளவுஸ் தைத்துப் பழகிய கை, தானாகவே அவ்வளவு விட்டிருக்கிறது. கட்டங்களைப் பக்கவாட்டில் சேர்த்ததும் அரை இன்ச்தான்.

பாபின்:
அப்படியென்றால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. மூலைத் தையல் துணியின் வெட்டு முனையிலிருந்து சாய்வாகக் கிளம்புகிறது. நடுவில் கால் இன்ச் பிடித்தால், கூர் கீழ் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இன்ச் மேலே நிற்கும். கீழேயும் கால் இன்ச் பிடித்தால் தையல் கூரைத் தொட்டு நிற்கும். நீங்கள் அரை இன்ச் பிடித்ததால் கூரின் கால் இன்ச் உள்ளே போய்விட்டது. பக்கத்துக்குக் கால் இன்ச்சாக அரை இன்ச் தட்டை. நீங்கள் சொன்ன அளவிலேயே விடை இருந்தது.

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். வரிசைகளுக்கு நடுவே ஓடும் குறுக்குத் தையலை மட்டும் பிரித்து, கால் இன்ச்சில் மறுபடி அடியுங்கள். பக்கவாட்டுத் தையல் அரை இன்ச்சாகவே இருக்கட்டும், மீதி வரிசைகளிலும் அதே அரை இன்ச் விடுங்கள். இதயம் 5½ இன்ச் அகலம், 6 இன்ச் உயரமாக வரும். தோள் கொஞ்சம் ஒடுங்கும், அவ்வளவுதான். விரிப்பின் அகலம் 30க்குப் பதில் 27½.

பிரிக்கும்போது இழுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை உருவினால் முழுதாக வந்துவிடும். பழைய துணி கிழியாது.

ஊசிக்காது:
ஒரே பக்கம் சாய்ந்த பாதிகளுக்கு நான் சொல்கிறேன் மா. புடவை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அச்சுப் போட்டதா? முடிச்சு என்றால் சாயம் இழைக்குள்ளேயே இறங்கியிருக்கும், முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தப்பாக வந்த பாதியை முழுதாகப் பிரித்து, சிவப்பையும் வெள்ளையையும் குப்புறத் திருப்பிப் போட்டு அதே தையலில் அடி. இடப்பாதி வலப்பாதியாகிவிடும். ஒரு துண்டு துணி வீணாகாது.

இனிமேல் தைக்கும் முன்னால் இரு பாதியையும் தரையில் அருகருகே வை. வெள்ளைச் சதுரத்தில் தையலுக்காக நீ போட்ட சாக்பீஸ் கோடுகள் சேர்ந்து V மாதிரி தெரிய வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு கோடாகத் தெரிந்தால் நிறுத்திவிடு.

கட்டம் கூடக் குறைய வருவது துணியின் தளர்ச்சியால். மூலைத் தையல் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக ஓடுகிறது, கிராஸில் பழைய காட்டன் ரப்பர் மாதிரி நீளும். வெட்டும் முன்பே புடவைக்குக் கஞ்சி போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நீர்த்த கஞ்சியைத் தெளித்து, அயர்ன் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடு. அப்புறம் அளந்து பார்.

ஆனால் கஞ்சிக்கு முன்னால் சாயத்தைச் சோதித்துவிடு. ஒரு வெட்டுத் துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அயர்ன் செய். சிவப்பு ஒட்டினால் கஞ்சித் தண்ணீரே வெள்ளையில் கறை போட்டுவிடும்.

நூல்கண்டு:
முடிச்சுச் சுங்குடிதான் அக்கா! ஒரு பாதியைத் திருப்பித் தைத்தேன். எது முன், எது பின் என்று எனக்கே தெரியவில்லை. சாயமும் ஒட்டவில்லை.

கால் இன்ச்சைத்தான் நேராகப் பிடிக்க முடியவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் ஓரத்தை வைத்து ஓட்டினால் கூடுதலாக வருகிறது.

பாபின்:
பல மெஷின்களில் அந்த ஃபுட் ஓரம் கால் இன்ச்சுக்கு மேல்தான் இருக்கும். ஊசியை இறக்கி, அதிலிருந்து கால் இன்ச் அளந்து, மெஷின் தட்டில் பிளாஸ்திரியை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். துணி அதில் இடித்து நேராக ஓடும். 1½ இன்ச் பட்டை மூன்றை அடுத்தடுத்துத் தைத்துப் பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருந்தால் சரி. குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள்.

நூல்கண்டு:
நகர்த்திய பின் சரியாக 1 இன்ச். ஒரு வரிசையைப் பிரித்து அடித்துவிட்டேன். கூர் தையலைத் தொட்டு நிற்கிறது, கூருக்கு மேலே பாட்டி புடவையின் வெள்ளைப் புள்ளி ஒன்று. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரிப்பு மெத்தென்று இருக்க உள்ளே என்ன வைக்கலாம்? ஃபைபர் ஷீட்டா?

ஊசிக்காது:
நம் ஊர் வெயிலுக்கு ஃபைபர் வேண்டாம் மா. துவைத்துத் துவைத்து மெலிந்த காட்டன் புடவையை இரண்டு மூன்று மடிப்பாக வை. வங்காளத்தில் காந்தா அப்படித்தான், பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள். நீயும் இதயத்தைச் சுற்றிக் கையாலேயே ஓட்டுத் தையல் போடு. பொத்தான், மணி எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் பிள்ளை மேல் போர்த்தவோ, தூங்க அடியில் போடவோ வேண்டாம். விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட விடு.

பாபின்:
ஓரப் பட்டி அடிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். இடம் வலம் இரண்டு பக்கமும் அரை இன்ச் பிடியுங்கள், அப்போதுதான் ஓரத்து இதயமும் மற்றவை அளவுக்கு நிற்கும். மேலும் கீழும் கால் இன்ச்தான். கடைசி வரிசையில் இரண்டாவது, நாலாவது கட்டத்து இதயங்களின் கூர் அந்தப் பட்டியில்தான் முடிகிறது.