ப்ராஃபசை, ப்ராஃபசி: எதை எங்கே போடுவது?

கேள்வி: வருவதை முன்கூட்டிச் சொல்வதற்கான ‘ப்ராஃபசை’ என்ற ஆங்கில வினையில் கடைசிக்கு முந்திய எழுத்து எஸ்ஸா, சியா? முடிவில் ஐ-இசட்-இ சேர்த்தும் சிலர் எழுதுகிறார்களே, சரியா?

பதில் 1: வினைக்கு எஸ் (prophesy), பெயருக்கு சி (prophecy). அட்வைஸிலும் இதே கணக்குதான். உச்சரிப்பில் ப்ராஃபசை என்ற வினை ‘சை’ என்று முடியும், ப்ராஃபசி என்ற பெயர் ‘சி’ என்று முடியும். அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில். இறந்தகாலத்தில் ஒய் போய் ஐ-இ-டி வரும். ஐஎன்ஜி சேர்த்தால் ஒய் அப்படியே நிற்கும். ஐ-இசட்-இ வேண்டவே வேண்டாம். ‘ஹி ப்ராஃபசைஸ்’ என்பதில் இருப்பது ஐ-இ-எஸ்தான். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால்தான் குழப்பம்.

பதில் 2: வினைக்குப் பின் ‘தட்’ போட்டு முழு வாக்கியம் எழுதலாம். பழங்கால கிரேக்கத்தில் டெல்ஃபி கோயிலின் ஆரக்கிள் (குறி சொல்பவர்) லிடியா நாட்டு மன்னன் குரோசஸுக்குச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தி ஆரக்கிள் ப்ராஃபசைட் தட் எ கிரேட் எம்பயர் வுட் ஃபால்.’ முதல் வினை இறந்தகாலம், அதனால் பின்னால் ‘வில்’ அல்ல, ‘வுட்’. நேரடியாகப் பெயரும் வரலாம்: ‘ப்ராஃபசைட் வார்’.

பதில் 3: வானிலைக்கு இது பொருந்தாது, அங்கே ஃபோர்காஸ்ட். தரவை வைத்துக் கணித்தால் ப்ரெடிக்ட். ப்ராஃபசையில் அருள்வாக்கின் தொனி உண்டு. பைபிள் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 1 கொரிந்தியர் 14-இல் இந்த வினைக்கு எதிர்காலம் சொல்வது மட்டும் பொருளல்ல, சபைக்குத் தேவ செய்தியைச் சொல்லித் தேற்றுவதும் அதில் அடங்கும்.