ஏஎஃப்எல் டிராஃப்டில் தேர்வான பிறகு இரண்டாவது ஒப்பந்தம் வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

கேள்வி: திடல்வாசி

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் தலைமை லீகான ஏஎஃப்எல்லில் ஒவ்வொரு நவம்பரிலும் டிராஃப்ட் நடக்கிறது, அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. 18 வயதுப் பையன்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவர்களில் பலர் எந்தக் கிளப்பின் பட்டியலிலும் இல்லை. அதே ஆட்டத்தில்தான் பிரெண்ட் ஹார்வி 432 போட்டி ஆடினார், டஸ்டின் ஃபிளெச்சர் 40 வயதிலும் எசென்டனுக்காக இறங்கினார். நடுவில் என்ன நடக்கிறது? எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறதா? வேறு விளையாட்டிலிருந்து 20 வயதுக்கு மேல் வருபவருக்கு வழி உண்டா?

மறுமொழி: கோடைப்பயிற்சி

தேர்வு எண்ணால் கிடைப்பது அவகாசம் மட்டுமே. முதல் பத்துக்குள் வந்தவர் இரண்டு பருவம் சோபிக்காவிட்டாலும் கிளப் இன்னொரு ஒப்பந்தம் கொடுத்துப் பார்க்கும். 60-ஐத் தாண்டி வந்தவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பது அரிது. ஆனால் 1990 டிராஃப்டில் 79-ஆவதாக எடுக்கப்பட்ட ஜேம்ஸ் ஹர்ட் 1996-இல் பிரவுன்லோ பதக்கம் (பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கானது) வாங்கினார். 58-ஆவதாக வந்த டேன் ஸ்வான் 2011-இல் வாங்கினார். மேட் பிரிடிஸ் ரூக்கி டிராஃப்ட் (முக்கிய டிராஃப்டில் தேராதவர்களுக்கான துணைத் தேர்வு) வழியாக நுழைந்தவர், 2014-இல் அவருக்கும் கிடைத்தது.

வெளியேற்றத்துக்கு முதல் காரணம் வெறும் கணக்கு. ஒரு கிளப்பின் பட்டியலில் ரூக்கிகளையும் சேர்த்து நாற்பது பேர் சொச்சம்தான் இருக்க முடியும். டிராஃப்டிலும் டிரேடிலும் (கிளப்புகளுக்கிடையே ஆட்டக்காரர் மாற்றம்) எத்தனை பேர் உள்ளே வருகிறார்களோ, அத்தனை இடம் காலியாக வேண்டும். நடுக்களத்தில் ஏற்கெனவே எட்டுப் பேர் இருக்கும் கிளப்புக்குப் போன நடுக்கள ஆட்டக்காரர், திறமை குறைவு என்பதற்காக அல்லாமல் இடம் இல்லை என்பதற்காகவே ஏஎஃப்எல்லுக்குக் கீழுள்ள மாநில லீகில் தங்கிவிடுவார். அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் வருடமே பின்களம், விங் (பக்கவாட்டுக் களம்) என இரண்டாவது பொறுப்பு ஒன்றைக் கற்றுக்கொள்வது. இதைப் பலரும் தாமதமாகவே செய்கிறார்கள்.

இரண்டாவது காரணம் உடம்பு. ஜூனியர் அணியில் வாரம் இரண்டு மூன்று பயிற்சி. கிளப்பில் நவம்பர் முதலே ஓட்டம், எடைப்பயிற்சி, பந்துப்பயிற்சி எல்லாம் சேர்ந்து வாரம் முழுக்க வேலை. 18 வயதில் எலும்பு இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. ஓட்டத்தின் அளவைச் சட்டென்று ஏற்றினால் கீழ்முதுகிலோ பாதத்திலோ அழுத்த முறிவு வரும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் முன்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும். ஜனவரியில் இது வந்தால் அந்தப் பருவத்தில் பாதி போய்விடும். ஆகவே முதல் கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) தசை ஏற்றுவதைவிட, ஒரு பயிற்சியும் தவறாமல் முடிப்பதுதான் முக்கியம் என்பேன். அவசரமாக எடை கூட்டியவர் மோதலில் நிற்பார், ஆனால் ஒரு போட்டியில் 12, 13 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஆட்டத்தில் நான்காவது கால்பகுதியில் மூச்சு வாங்குவார்.

உயரமானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ரக் ஆட்டக்காரர் (ஆட்டம் தொடங்கும்போது எகிறிப் பந்தைத் தட்டிவிடும் உயரமானவர்) தேற நான்கைந்து வருடம் ஆகும் என்பது எல்லாக் கிளப்புக்கும் தெரியும், அதனால் காத்திருப்பார்கள்.

மறுமொழி: வெளிவட்டம்

காயங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அடிக்கடி வருவது தொடையின் பின்தசைக் கிழிசல். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே குனிந்து தரையில் கிடக்கும் பந்தை எடுக்கும்போது அந்தத் தசை நீண்ட நிலையில் இழுபடுகிறது. சாதாரணக் கிழிசலுக்கு மூன்று நான்கு வாரம். வலி நின்றதும் திரும்புவதுதான் தவறு. முழு வேக ஓட்டத்தையும், ஓட்டத்தில் குனிந்து எடுப்பதையும் பயிற்சியில் பலமுறை செய்து முடித்த பிறகே போட்டிக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும், அப்போது ஓய்வு இன்னும் நீளும்.

தலையதிர்ச்சி என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. வாரம் ஒரு போட்டி என்பதால் அநேகமாக ஒரு போட்டியாவது போகும். அறிகுறி முற்றும் நீங்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மெல்போர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷா 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவக் காரணத்தால் ஆட்டத்தை விட்டார். தலைவலியை மறைத்து ஆடுவதைத் துணிச்சல் என்று புகழும் பழக்கம் ஒழிய வேண்டும்.

விதி மாறினால் காயம் குறையும் என்பதற்கு நல்ல சாட்சி ரக் ஆட்டக்காரர்களின் முழங்கால். நடுவட்டத்தில் பந்து குதித்ததும் இருவர் தூரத்திலிருந்து ஓடிவந்து முட்டி மோதிக்கொண்டதால் பின்குறுக்குத் தசைநார் அறுந்துகொண்டே இருந்தது. 2005-இல் 10 மீட்டர் வெளிவட்டம் போட்டு, அதற்குள்ளிருந்துதான் ஓடலாம் என்றார்கள். அந்தக் காயம் வெகுவாகக் குறைந்தது.

திடல்வாசி:

நன்றி. ஒப்பந்தம் முடிந்ததும் ஆட்டக்காரர் விரும்பிய கிளப்புக்குப் போகலாமா? வேறு விளையாட்டுக்காரர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி: டிராப்பண்ட்

நினைத்தவுடன் போக முடியாது. 2012-இல் வந்த ஃப்ரீ ஏஜென்சி முறைப்படி ஒரே கிளப்பில் எட்டு வருடம் முடிக்க வேண்டும். அப்போதும் அவர் கிளப்பில் அதிகம் சம்பளம் வாங்கும் முதல் கால்வாசிப் பேரில் ஒருவர் என்றால், வெளியார் தரும் தொகையைப் பழைய கிளப்பும் தந்து அவரைத் தடுத்து வைக்கலாம். அதற்கு முன் போக வேண்டுமானால் பெரும்பாலும் டிரேட்தான், இரண்டு கிளப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிளப்பே நீக்கிவிட்டால் அவர் எங்கும் சேரலாம். நீக்கப்பட்டவர்கள் மாநில லீகில் தொடர்ந்து ஆடுவது வீண் போகாது. பருவ நடு ரூக்கி டிராஃப்ட் 2019-இல் திரும்ப வந்தது. மேற்கு ஆஸ்திரேலிய மாநில லீகான டபிள்யூஏஎஃப்எல்லில் ஆடிக்கொண்டிருந்த 27 வயது மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் அதில் எடுத்தது. அவர் அந்த வருடம் கிராண்ட் ஃபைனலிலேயே (இறுதிப் போட்டி) அறிமுகமாகி வென்றார்.

வேறு விளையாட்டுக்காரருக்கு உள்ள வழி பி பிரிவு ரூக்கி. கடந்த மூன்று வருடம் ஆஸ்திரேலிய ஃபுட்பால் போட்டி எதிலும் பதிவாகியிருக்கக் கூடாது. டிராஃப்ட் இல்லாமலே கிளப் ஒப்பந்தம் போடலாம். அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் மேசன் காக்ஸ், 211 சென்டிமீட்டர் உயரம், காலிங்வுட் கிளப்பில் 2016-இல் அறிமுகமானார், 2023-இல் கோப்பை வென்றார்.

இவர்களுக்கு உயரப் பிடிப்பு சீக்கிரம் வரும், உதைதான் வராது. டிராப் பண்ட் என்னும் அடிப்படை உதையில் பந்து நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். உதைக்கும் காலின் பக்கத்துக் கை பந்தைக் கடைசிவரை வழிகாட்டி, இடுப்புக்குக் கீழே விட வேண்டும். மார்பளவில் விட்டால் காற்றில் பந்து சாய்ந்துவிடும், அப்புறம் கால் எவ்வளவு நேராகப் போனாலும் பயனில்லை. கால்விரலை நீட்டிக் கெட்டியாக வைத்து, பந்தின் கீழ்முனையைச் சந்திக்க வேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் சரியான உதை.

உதை வந்த பிறகும் விதி ரத்தத்தில் ஊற வருடங்கள் ஆகும். அயர்லாந்திலிருந்து மெல்போர்ன் கிளப்புக்கு வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1987 பிரிலிமினரி ஃபைனலில் (இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்று), உதைக்க நின்ற ஹாதார்ன் ஆட்டக்காரர் கேரி பக்கனாராவுக்குக் குறுக்கே ஓடிவிட்டார். அதற்குத் தண்டனையாக, உதைக்கும் இடம் கோலுக்கு 15 மீட்டர் கிட்டே நகர்ந்தது. பக்கனாரா ஆட்டம் முடியும் சைரனுக்குப் பின் கோல் அடித்தார், மெல்போர்ன் தோற்றது. அதே ஸ்டைன்ஸ் 1991-இல் பிரவுன்லோ வாங்கினார், தொடர்ச்சியாக 244 போட்டி ஆடினார். அவர் 1984-இல் வந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேறு ஆட்டத்திலிருந்து வருபவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போதாது. குறைந்தது நான்கு வருடம் பொறுக்கும் கிளப்பா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.